மங்கிய வெளிச்சத்தில் அசையும் மனிதர்: ஷட்டர், அபர்ச்சர், ஐ.எஸ்.ஓ.

கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் சென்சாரின் மேல் ஒளி சேர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்துக்குள் எதிரில் இருப்பவர் நகர்ந்தால் அவருடைய பிம்பமும் சென்சாரின் மேல் நகர்கிறது. ஒரு புள்ளியில் விழ வேண்டிய ஒளி கோடாக இழுபடுகிறது. நண்பகல் வெயிலில் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் போதிய ஒளி சேர்ந்துவிடுவதால் இந்த இழுபடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. கல்யாண மண்டபத்திலோ நாட்டிய மேடையிலோ கோயில் பிராகாரத்திலோ அதே அளவு ஒளி சேர நூற்றுக்கணக்கான மடங்கு நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் யாரும் அசையாமல் நிற்பதில்லை.

ஒளிப்படக் கலை பிறந்தபோதே இந்தச் சிக்கலும் உடன் பிறந்துவிட்டது. 1838இல் லூயி தாகேர் பாரிஸ் நகரின் ஒரு பெருந்தெருவைத் தம் வீட்டு உயரத்திலிருந்து படமெடுத்தார். வண்டிகளும் ஆட்களும் போய்வந்துகொண்டிருந்த தெரு அது. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டதால், நடந்து போனவர் எவரும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் தெரிகிறார். ஒளிப்படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பதைக் கண் சரியாகச் சொல்வதில்லை. நேர் வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். விளக்கெரியும் வீட்டுக் கூடத்தில் அது 100 லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு! கண்ணின் பாவை விரிந்து, விழித்திரையும் மூளையும் தம்மைச் சரிசெய்துகொள்வதால், உள்ளே நுழைபவருக்குச் 'சற்று மங்கல்' என்றே தோன்றுகிறது. சென்சாருக்கு அந்தச் சலுகை கிடையாது. மண்டபத்தில் எடுத்த படங்கள் கலங்கிப்போனதற்குப் பலர் கேமராவைக் குறை சொல்வது இதனால்தான். கண் ஏமாற்றியதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஒளியை இரட்டிப்பதையும் பாதியாக்குவதையும் ஒளிப்படக்காரர்கள் ஒரு 'ஸ்டாப்' என்பார்கள். 200 லக்ஸ் வெளிச்சமுள்ள ஒரு மண்டபம் வெயிலைவிட ஏறத்தாழ 9 ஸ்டாப் இருட்டானது, அதாவது 500 மடங்கு. இந்த 9 ஸ்டாப்பை ஈடுகட்ட மூன்று வழிகள் உண்டு: ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம், லென்ஸின் வாயை, அதாவது அபர்ச்சரை, அகலத் திறக்கலாம், கிடைத்த ஒளியின் மின்குறியைப் பெருக்கிக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் ஐ.எஸ்.ஓ. எண் குறிக்கிறது. மூன்றுமே விலை கேட்பவை. முதலாவது அசைவைக் கலக்குகிறது, இரண்டாவது கூர்மையாகத் தெரியும் ஆழத்தைக் குறைக்கிறது, மூன்றாவது படத்தில் பொரிப்பொரியாக இரைச்சலைக் காட்டுகிறது. இவற்றுள் எந்த விலையை எப்போது கொடுப்பது என்பதை எதிரில் இருப்பவரின் உடலசைவே தீர்மானிக்க வேண்டும்.

ஷட்டரில் தொடங்குவதே சரி. அது எவ்வளவு விரைவாக இருக்க வேண்டும் என்பதை எளிய கணக்கொன்று காட்டிவிடும். சாதாரணமாக நடப்பவரின் வேகம் நொடிக்கு 1.4 மீட்டர். முழுச்சட்டக சென்சார், 50 மி.மீ. லென்ஸ், 5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், பிம்பம் உண்மையான ஆளின் நூறில் ஒரு பங்கு அளவில் விழும். ஆகவே குறுக்கே நடப்பவரின் பிம்பம் சென்சாரின் மேல் நொடிக்கு 14 மி.மீ. நகர்கிறது. ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அது கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். 24 மெகாபிக்சல் கேமராவில் இது கிட்டத்தட்ட 40 பிக்சல். அந்தப் படத்தை 30 செ.மீ. அகலத்துக்கு அச்சிட்டால் மூக்கு நுனி 2 மி.மீ. இழுபட்டிருக்கும், யாருடைய கண்ணுக்கும் தப்பாது. 1/250 நொடியில் அச்சில் இழுபடல் அரை மில்லிமீட்டர். 1/500இல் கால் மில்லிமீட்டர். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் அதைக் கண் பெரும்பாலும் பொருட்படுத்தாது.

இந்தக் கணக்கிலிருந்தே வேறு சிலவும் தெளிவாகின்றன. அதே ஆள் 10 மீட்டருக்கு அப்பால் போனால் இழுபடலும் பாதியாகும். ஆனால் 100 மி.மீ. லென்ஸைப் போட்டு அவரை மறுபடி பெரிதாக்கினால் பழைய நிலையே திரும்பும். எனவே தூரத்தையோ லென்ஸின் நீளத்தையோ தனித்தனியாகப் பார்ப்பதைவிட, சட்டகத்தில் ஆள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார் என்று பார்ப்பது நல்லது. முகம் மட்டும் நிறைந்த படத்துக்கு, மேடை முழுவதும் தெரியும் படத்தைவிட வேகமான ஷட்டர் வேண்டும். திசையும் முக்கியம். கேமராவை நோக்கி நேராக வருபவரின் பிம்பம் மெல்லப் பெரிதாகிறதே தவிர, குறுக்கே ஓடுவதில்லை. அவரை 1/125 நொடியிலேயே பிடித்துவிடலாம். ஊர்வலத்தைப் பக்கவாட்டில் நின்று எடுப்பவர், எதிரே போய் நின்றாலே ஒன்றிரண்டு ஸ்டாப் லாபம்.

உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. நாட்டியக்காரரின் இடுப்பு ஓரிடத்திலேயே இருக்கும்போது கைகள் நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் வீசப்படும். முகம் கூர்மையாக இருந்து விரல் நுனி லேசாகக் கலங்கினால் படம் உயிரோடு இருக்கும். முகமே கலங்கினால் வேறு எதுவும் காப்பாற்றாது. நடைமுறைக்குச் சில எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்து பேசுபவருக்கு 1/125, நடப்பவர்க்கு 1/250, ஆட்டத்துக்கு 1/500, சுழற்சிக்கும் குதிப்புக்கும் விளையாட்டுக்கும் 1/1000. இவற்றுக்குக் கீழே போனால் அது துணிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும், கேமரா தானாக எடுத்த முடிவாக இருக்கக் கூடாது.

லென்ஸிலோ கேமரா உடலிலோ உள்ள அதிர்வுத் தடுப்பு இங்கே தவறான நம்பிக்கையைக் கொடுக்கிறது. கை நடுக்கத்தை அது அருமையாகச் சமாளிக்கும். 1/8 நொடியில்கூடத் தூணும் கோபுரமும் கூர்மையாக வரும். எதிரில் ஆடுபவரின் அசைவை அது ஒன்றும் செய்ய முடியாது. முக்காலிக்கும் இதே எல்லைதான். பின்புலம் செதுக்கியதுபோலவும் ஆள் புகைபோலவும் விழுந்திருந்தால் ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது என்று பொருள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. ஆள் இழுபடாமல் வெறும் மங்கலாக, அவருக்குப் பின்னாலுள்ள திரை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கலாம். படம் ஏன் கெட்டது என்று முதலில் இப்படிப் பிரித்தறிந்துவிட்டால், திருத்த வேண்டியது எதுவென்று தேட வேண்டியதில்லை.

வேகமாக அசையும் உடலும் இடையிடையே நிற்கிறது. குதிப்பவர் உச்சியைத் தொடும் கணத்தில் மேல்நோக்கிய வேகம் சுழியாகி, பிறகு கீழ்நோக்கித் தொடங்குகிறது. புவியீர்ப்பின் கணக்குப்படி, உச்சிக்கு முன்னும் பின்னுமாகப் பத்தில் ஒரு நொடி இடைவெளியில் உடலின் மேல்கீழ் வேகம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டுவதில்லை. நடையைவிடவும் மெதுவானது அது. பரதநாட்டியத்தில் இந்த நிற்றல் கலையின் அமைப்பிலேயே இருக்கிறது. அடவு என்னும் அடிப்படை ஆட்ட அசைவு முடியும் இடத்தில் கை நீண்டு, பார்வை அதைத் தொடர்ந்து போய், உடல் ஒரு கணம் சிலையாகிறது. ஆட்டப் பகுதியை முடித்துவைக்கும் தாளக்கோவையான தீர்மானம் முடிந்து விழும் தாளத்தில் அந்தக் கணம் இன்னும் சற்று நீள்கிறது. 1/500 தேவைப்படும் ஆட்டத்தில் அந்த இடத்துக்கு 1/160 போதும். ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப் ஒளி இலவசமாகக் கிடைக்கிறது.

அந்தக் கணத்தைக் கண்ணால் கண்டபிறகு பொத்தானை அழுத்தினால் காலம் கடந்துவிடும். பார்த்து விரல் அசைவதற்கு மனிதருக்கு ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. கேமராவும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதிக்கிறது. ஆகவே முன்கூட்டியே அழுத்த வேண்டும். அதற்குத் தாளம் தெரிந்திருக்க வேண்டும். சொற்கட்டைக் காதால் வாங்கிக்கொண்டு, தீர்மானம் எங்கே முடியப்போகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு விலையுயர்ந்த கேமரா இல்லாமலேயே நல்ல படங்கள் கிடைக்கும். ஒத்திகையை ஒருமுறை பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது அபர்ச்சர். எஃப் எண் சிறிதாகச் சிறிதாக வாய் அகலும், எஃப் 5.6இலிருந்து எஃப் 2.8க்கு வந்தால் ஒளி நான்கு மடங்கு. கேமராவோடு சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ்கள் பலவும் நீட்டிய நிலையில் எஃப் 5.6க்கு மேல் திறப்பதில்லை. மங்கிய மண்டபத்தில் அவை தவிப்பதற்கு இதுவே காரணம். மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட 3 ஸ்டாப்புக்குமேல் ஒளியை உள்ளே விடுகிறது. புதிய கேமராவுக்குச் சேர்த்துவைத்த பணத்தில் சிறு பகுதியை இப்படியொரு லென்ஸுக்குச் செலவிடுவதே பெரும்பாலோர்க்கு அதிகப் பயன் தரும்.

அகன்ற வாய் வரலாற்றையே மாற்றியிருக்கிறது. 1924இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எர்னமன் நிறுவனம் எர்மனாக்ஸ் என்ற சிறு கேமராவை வெளியிட்டது. லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த அதன் லென்ஸ் எஃப் 2 அளவுக்குத் திறந்தது. அதைக் கொண்டு எரிக் சாலமன் நீதிமன்றங்களிலும் சர்வதேச மாநாடுகளிலும் ஃபிளாஷ் இல்லாமல், விளக்கொளியிலேயே அரசியல் தலைவர்களை அவர்கள் இயல்பாக இருக்கும்போது படமெடுத்தார். அன்றைய தகடுகளின் உணர்திறன் மிகக் குறைவு. பேசுபவர் கையசைவை நிறுத்தும் கணத்துக்குக் காத்திருந்து எடுக்க வேண்டியிருந்தது.

அகலத் திறப்பதற்கான விலை ஆழம். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து 3 மீட்டரில் நிற்பவரை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் பகுதியின் தடிமன் ஏறக்குறைய 13 செ.மீ. மட்டுமே. அவர் அரை அடி முன்னே வந்தால் முகம் வெளியேறிவிடும். தூரம் இதற்கு மருந்து: 135 மி.மீ. லென்ஸை எஃப் 2.8இல் வைத்து 10 மீட்டரிலிருந்து எடுத்தால் அந்தத் தடிமன் 90 செ.மீ. அளவுக்கு விரிகிறது. இந்த விலையின் உச்சத்தைத் திரையில் பார்க்கலாம். ஸ்டான்லி குப்ரிக் 1975இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' படத்தின் சில காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸ்தான் அதைச் சாத்தியமாக்கியது. கூர்மையின் ஆழம் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் நடிகர்கள் தம் இடத்தைவிட்டு அதிகம் நகர முடியவில்லை. அக்காட்சிகளின் ஓவியம் போன்ற அமைதிக்கு இதுவும் ஒரு காரணம்.

ஷட்டரும் அபர்ச்சரும் முடிவான பிறகு மிஞ்சும் குறையை ஐ.எஸ்.ஓ. சுமக்கிறது. பலரும் அஞ்சுவது இதற்குத்தான். அந்த அச்சத்தின் பெரும்பகுதி தவறான புரிதலால் வருகிறது. ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவதால் இரைச்சல் பிறப்பதில்லை. ஒளி குறைந்ததால் ஏற்கெனவே இருக்கும் இரைச்சல்தான் அப்போது வெளியே தெரிகிறது. ஒளி ஃபோட்டான் என்னும் துகள்களாக வந்து விழுவது. அவை விழும் முறையில் ஒழுங்கு இல்லை. மழை நாளில் முற்றத்தில் ஒரே அளவான பத்து டம்ளர்களை வைத்தால், அடைமழையில் எல்லாவற்றிலும் நீர் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். தூறலில் சிறிது நேரமே வைத்து எடுத்தால் ஒன்றில் மூன்று துளி, பக்கத்ததில் ஏழு துளி என்றிருக்கும். பிக்சல்களும் அப்படித்தான். சராசரியாக 40,000 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமான 200. அது அரை சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. சராசரி 400ஆகக் குறைந்தால் ஏற்றத்தாழ்வு 20, அதாவது 5 சதவீதம். ஒரே நிறமான பட்டுத் துணி மணல் தூவியதுபோலத் தெரிவது இதனால்தான்.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பயந்து 800இலேயே நிறுத்தி, படத்தை இருட்டாக எடுத்துவந்து, பிறகு கணினியில் வெளுக்க வைப்பதில் லாபமில்லை. விழுந்த ஃபோட்டான்களின் எண்ணிக்கை அதேதான். பல கேமராக்களில் மின்குறியைப் படிக்கும் சுற்றின் இரைச்சலும் சேர்ந்து நிழல் பகுதிகளை இன்னும் கெடுக்கும். மாறாக, ஷட்டரை மெதுவாக்கி ஐ.எஸ்.ஓ.வைக் குறைப்பவர், மென்பொருளால் தணிக்கக்கூடிய பொரிகளைத் தவிர்த்து, எதனாலும் முழுமையாகத் திருத்த முடியாத கலங்கலை வாங்கிக்கொள்கிறார். இரைச்சல் உள்ள கூர்மையான படத்தை அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம். இரைச்சலே இல்லாத கலங்கிய முகத்தை என்ன செய்வது?

பெரிய சென்சார் உதவுவதும் இந்தத் துகள் கணக்கால்தான். 36 x 24 மி.மீ. முழுச்சட்டக சென்சாரின் பரப்பு, ஏ.பி.எஸ்.-சி சென்சாரைப்போல் 2.3 மடங்கு. அதே எஃப் எண்ணிலும் அதே ஷட்டரிலும் மொத்தமாக அவ்வளவு அதிக ஒளியை அது வாங்குகிறது, ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் கூடுதல்.

இனி 200 லக்ஸ் மண்டபத்துக்குத் திரும்பலாம். வெயிலில் எஃப் 16, 1/100 நொடி, ஐ.எஸ்.ஓ. 100 என்பது பழைய கைக்கணக்கு. 9 ஸ்டாப் இருட்டில் எஃப் 2.8க்குத் திறந்தால் 5 ஸ்டாப் மீளும், ஐ.எஸ்.ஓ. 3200க்குப் போனால் மேலும் 5. மீதமுள்ள ஒரு ஸ்டாப்பைக் கொண்டு ஷட்டரை 1/200க்கு விரைவாக்கலாம். நடப்பவர்க்குப் போதும். ஆட்டத்துக்கு 1/400 வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 6400. அதே இடத்தில் எஃப் 5.6 ஜூம் லென்ஸுக்கு 1/200 நொடிக்கே 12,800 தேவைப்படும், எஃப் 1.8 லென்ஸோ 3200இலேயே 1/500 தந்துவிடும்.

இதைக் கையாள வசதியான முறை, கேமராவை மேனுவலில் வைத்து ஷட்டரையும் அபர்ச்சரையும் நிலைநிறுத்தி, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஆட்டோவில் விடுவது. முழு ஆட்டோவில் விட்டால் கேமரா பெரும்பாலும் 1/60க்கு இறங்கிவிடும். எதிரில் ஆடுவது ஆளா தூணா என்று எல்லாக் கேமராவுக்கும் தெரியாது. கறுப்புத் திரைக்கு முன் ஒளிவட்டத்தில் நிற்பவரை எடுக்கும்போது இன்னொரு தவறும் நேரும். சட்டகத்தின் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதால் ஒளிமானி அதைச் சாம்பலாக்க முயன்று முகத்தை வெளுக்கடித்துவிடும். ஒளி ஈட்டை மைனஸ் 1 அல்லது மைனஸ் 2க்குக் குறைப்பதும் முகத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறையும் இதற்குத் தீர்வு. முகமும் நகைகளும் வெளுத்து விவரம் அழிந்தால் மீளாது. ரா கோப்பாகப் பதிவுசெய்தால் நிறத்தையும் நிழலையும் பின்னர் திருத்த இடமிருக்கும்.

ஃபோகஸை ஒருமுறை பூட்டிவைக்கும் முறை நகரும் ஆளுக்கு உதவாது. தொடர்ந்து பின்தொடரும் முறை வேண்டும். நிக்கானும் சோனியும் அதை ஏ.எஃப்.-சி என்றும், கேனன் சர்வோ என்றும் பெயரிட்டுள்ளன. கண்ணைக் கண்டுபிடித்துத் தொடரும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடலாம். பழைய எஸ்.எல்.ஆர். வகைகளில் நடுப் புள்ளியே இருட்டில் அதிகம் நம்பத்தக்கது. ஒரே முகபாவத்தை மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுத்தால், அவற்றில் ஒன்றாவது அசைவின் ஓய்வில் விழும்.

எல்.இ.டி. விளக்குகள் புதிதாக ஒரு தொல்லையைக் கொண்டுவந்திருக்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் குழல்விளக்குகளும் தரம் குறைந்த எல்.இ.டி.களும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/100 நொடியில் ஒரு முழு அலை அடங்கிவிடுவதால் படங்கள் ஒரே மாதிரி வரும். 1/500இல் அலையின் ஏதோ ஒரு துண்டு மட்டுமே சிக்கும். அடுத்தடுத்த படங்கள் ஒன்று வெளிச்சமாக, ஒன்று இருட்டாக வரும். விளக்கு உச்சத்துக்கு வரும்வரை ஷட்டரைக் காத்திருக்க வைக்கும் வசதி இப்போதைய பல கேமராக்களில் உண்டு. சத்தமில்லாத மின்னணு ஷட்டர் சபாவில் கவர்ச்சியாகத் தோன்றினாலும், பெரும்பாலான சென்சார்கள் வரிவரியாகப் படிப்பதால் படத்தின் குறுக்கே பட்டைகள் விழும், வேகமாக வீசிய கை வளையும். 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 9 மூன்றாம் வகை, எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் படிக்கும் முதல் முழுச்சட்டகக் கேமரா. மற்றவற்றில் மண்டபத்துக்குள் இயந்திர ஷட்டரே பாதுகாப்பு.

ஃபிளாஷ் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. அதன் மின்னல் ஆயிரத்தில் ஒரு நொடியோ அதைவிடக் குறைவாகவோதான் நீடிக்கும். சுற்றுவெளிச்சம் குறைவாக இருந்தால், ஷட்டர் 1/200இல் இருந்தாலும் அசைவு மின்னலின் வேகத்திலேயே உறையும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் பால்துளி தெறிப்பதை மகுடமாக உறைய வைத்தது இவ்வழியில்தான். கல்யாண மண்டபத்தில் வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடித்தால் ஒளி மென்மையாக இறங்கும். நாட்டிய மேடையில் அதற்கு இடமில்லை. சுழன்று திரும்பும் ஆட்டக்காரரின் கண்ணை அது கூசவைக்கும், மேடை விளக்கமைப்பையும் அழித்துவிடும். சபாக்கள் தடுப்பது நியாயமே.

செல்பேசியின் இரவு முறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. மொத்த ஃபோட்டான்கள் கூடுவதால் இரைச்சல் தணிகிறது. கூகுள் 2018இல் நைட் சைட் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய முறை இதுதான். அசையாத தெருவுக்கும் கட்டடத்துக்கும் அது அருமை. ஆடும் குழந்தைக்கு அது எதிரி, ஏனென்றால் மொத்த நேரம் சில நொடிகள்வரை நீளக்கூடும். இரவு முறையை அணைத்துவிட்டு, புரோ முறை இருந்தால் ஷட்டரை 1/125க்குமேல் வைத்து, பெரும்பாலும் அகன்ற வாயுள்ள முதன்மை லென்ஸையே பயன்படுத்தி, விரலால் பெரிதாக்குவதற்குப் பதிலாக ஆளிடம் நெருங்கிப்போய் எடுக்க வேண்டும். விளக்குக்கு ஓரடி அருகே ஆளை வரச் சொல்வதும் பலன் தரும். விளக்குக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் பாதியானால், சிறிய விளக்கிலிருந்து விழும் ஒளி நான்கு மடங்காகும், 2 ஸ்டாப்.